பள்ளி முன்னாள் மாணவர் குழு ஆண்டுக்கு ஒரு சந்திப்போடு ஓய்ந்துபோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

நிகழ்ச்சியைவிடச் செய்திக்கு முதலிடம் கொடுங்கள் என்பேன். வேலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 1988இல் பத்தாவது முடித்த செட் எங்களுடையது. மண்டபம் பிடித்து, பேனர் கட்டி அமர்க்களமாகக் கூடிய செட்டுகளை எங்கள் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். மறுவருஷம் கூப்பிட ஆளில்லை. யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன ஆச்சு என்பது வருஷம் முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்தால்தான் கூடும் நாளில் கால் தானாக நடக்கும்.

எங்கள் கணக்கு வாத்தியார் தவறிப்போனபோது நடந்ததைச் சொல்கிறேன். விடிகாலையில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "கணக்கு சார் காலமானார்" என்று ஒற்றை வரி போட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள், "ஆழ்ந்த இரங்கல்". எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒருவரும் எழுதவில்லை. சாவுச் செய்தி என்றால் நம் ஊரில் முதல் கேள்வியே "எப்ப எடுக்கறாங்க?"தானே. எங்களோடு படித்து, பாதியில் நின்று பீடி சுற்றப் போன ஒரு தோழி, சாரின் மகனுக்கே போன் போட்டுக் கேட்டு எழுதினார்: "குடியாத்தத்துல சார் வீட்லதான் வெச்சிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடக்கற தூரம். சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கறாங்க." அதைப் பார்த்துத்தான் பெங்களூரில் இருந்தவர்கள்கூடக் கிளம்பி, எடுப்பதற்குள் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து குழுவின் செய்திப் பொறுப்பு அவரிடம். இடம், நேரம், பேச வேண்டியவரின் எண் இல்லாமல் அவர் எதையும் போட விடமாட்டார். உங்கள் செட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பிடியுங்கள். நன்றாகப் பேசுகிறவரைவிடப் போன் போட்டு விசாரிக்கிறவர்தான் இதற்குச் சரி.

வேலூர்க்காரர்களுக்கு ஓயாமல் வரும் இன்னொரு செய்தி, சி.எம்.சி.யில் சேர்த்திருக்கிறோம், ரத்தம் வேண்டும் என்பது. நோயாளி பெயர், ரத்த வகை, வார்டு இவற்றோடு ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியா, 2022இல் திறந்த ராணிப்பேட்டை வளாகமா என்றும் எழுத வேண்டும். ரத்தம் கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே இடத்தில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி மாசக்கணக்கில் சுற்றும்.

பட்டியல் எடுக்கும்போது பல சங்கங்கள் பிளஸ் டூ முடித்த வருஷத்தைக் கேட்கின்றன. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு வந்ததே 1978இல். அதற்கு முந்தைய பெரியவர்களுக்கு 11ஆம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் செட்டிலோ, பத்தாவதோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் தறிக்கும் ஐ.டி.ஐ.க்கும் போனவர்கள் ஏராளம். பெயிலாகி நின்றவர்கள், எட்டாவதில் வீட்டு நிலைமையால் நிறுத்தப்பட்டவர்கள் எல்லாருமே நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதனால் "ஆறாவது எந்த வருஷம் சேர்ந்தீங்க?" என்று கேளுங்கள். யாரும் வெளியே நிற்க மாட்டார்கள்.

பெண்களைத் தேடுவதுதான் கஷ்டம். கல்யாணமாகி இனிஷியல் மாறியிருக்கும், சித்தூர், கிருஷ்ணகிரி என்று வாழ்க்கைப்பட்டுப் போயிருப்பார்கள். முதல் போனை இன்னொரு தோழி போடட்டும். பலருக்கு வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே போன். ராத்திரிச் செய்திகள், அரசியல் சண்டை, கண்ட ஃபார்வேர்டுகள் எல்லாம் இருக்கிற குழுவில் அவர்கள் தங்க மாட்டார்கள், தங்க வேண்டியதும் இல்லை.

நாள் குறிப்பதில் எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1989இல் திருவண்ணாமலை தனியானது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கூடப் படித்தவர்கள் இன்று நான்கு மாவட்டத்துக்காரர்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இங்கே உள்ளூர் விடுமுறை விட்டால் அங்கே இருக்காது. தீபத்துக்குத் திருவண்ணாமலையில் விட்டால் இங்கே இருக்காது. சிரசு வைகாசி முதல் தேதி, கத்திரி வெயில் வேறு. வேலூர் வெயிலில் வயதான ஆசிரியர்களை உட்கார வைக்காதீர்கள். பொங்கலை ஒட்டிய ஞாயிறு நல்லது. கம்பெனி வேலைக்காரர்களுக்கும் லீவு, ஊர் திரும்பியவர்களும் இருப்பார்கள், வெளியூர்க்காரர்கள் காட்பாடியில் இறங்கி வந்துவிடலாம். இடம் பள்ளிக்கூடமே போதும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் தினக்கூலிக்காரர் "வேலை இருக்கு" என்று சொல்லி ஒதுங்கிவிடுவார், காரணத்தை வெளியே சொல்ல மாட்டார். டி-ஷர்ட், நினைவுப் பரிசு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வசூலியுங்கள். முடிந்தவர் கூடுதலாகக் கொடுக்கட்டும், ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் வேண்டாம். மொத்த வரவு, மொத்தச் செலவு குழுவில் வந்தால் போதும்.

பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் என்ன தேவை என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாகக் குறிப்பிட்ட பள்ளிக்கே பணம் அனுப்பலாம். 2024இல் திருத்தி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. உள்ளூரிலேயே இருக்கும் ஒருவர் அதில் சேர்ந்தால் பள்ளியின் தேவை நேரடியாகத் தெரியவரும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களை மேடைக்கு அலைக்கழிக்காமல் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். செப்டம்பர் 5 அதற்கு ஏற்ற நாள். ராதாகிருஷ்ணனே வாலாஜாபேட்டையிலும் வேலூர் ஊரீசு கல்லூரியிலும் படித்தவர், நம் பக்கத்து முன்னாள் மாணவர். போகுமுன் அவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானத் தூக்க நேரத்தில் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம். படம் எடுத்தால், அவர் சரி என்று சொன்ன பிறகு மட்டும் குழுவில் போடுங்கள்.