147573952589676412927 பகா எண்ணா? அதன் சிறப்பு என்ன?

இந்த 21 இலக்க எண் பகா எண்ணா, இதற்கு எண் கோட்பாட்டில் என்ன சிறப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இது பகா எண் அன்று. 193707721, 761838257287 என்னும் இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன். ஆனால் இந்த ஒரு வரியை எழுத இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வருவது இந்த எண். இரும முறையில் எழுதினால் வரிசையாக 67 ஒன்றுகள். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்றே சேர்த்திருந்தார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா, காரணி எதையும் காட்டாமலேயே இது பகு எண் என்று நிறுவினார். பகா எண்ணுக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய ஒரு பண்பு இதற்கு இல்லை என்று காட்டினால் போதும். காரணி தெரிய வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பண்பைச் சோதிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2இன் அடுக்காக, சோதிக்கும் எண்ணைவிட 1 குறைவானதை வைத்து, அந்த எண்ணால் வகுக்க மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது 2ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனை. அதில் இந்த எண் பகா எண்ணைப் போலவே நடித்துத் தேறிவிடும்.

காரணிகளின் வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கு என்னும் பகா எண் இதை வகுத்தால், 2இன் 67ஆம் அடுக்கைக் குவால் வகுக்க மீதி 1 வரும். 67 பகா எண் என்பதால், அவ்வாறு மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கும் 67தான். ஃபெர்மாவின் தேற்றப்படி கு−1ஆம் அடுக்கும் மீதி 1 தருவதால், 67 கு−1ஐ வகுத்தாக வேண்டும். கு ஒற்றை எண் என்பதால் அது 134இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும். மேலும், 8ஆல் வகுத்தால் அது 1 அல்லது 7 மட்டுமே மீதி தரும். 193707721 என்பது 134 × 1445580 + 1. ஆகவே வரிசையாகத் தேடினாலும் ஏறத்தாழ 7.2 லட்சம் எண்களைச் சோதிக்க வேண்டும். கணினிக்கு இது கண்சிமிட்டும் வேலை. கையால் செய்பவருக்கு அப்படியன்று.

அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல், இருபடி எச்சங்களை, அதாவது வர்க்க எண்களை வகுக்கும்போது வரும் மீதிகளைக் கொண்டு தேடலை இன்னும் குறுக்கி, 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் விடையை முன்வைத்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்ற கதை சற்று மெருகேறியது என்பது என் எண்ணம்.

அந்தப் பெருக்கலை நானும் தாளில் செய்து பார்த்தேன். ஓர் எண்ணை 9ஆல் வகுத்தாலும் அதன் இலக்கங்களின் கூடுதலை வகுத்தாலும் ஒரே மீதிதான் வரும். காரணிகளின் இலக்கக் கூடுதல்கள் 37, 64. இரண்டையும் 9ஆல் வகுத்தால் மீதி 1, எனவே விடையும் மீதி 1 தர வேண்டும். எனக்கு 4 வந்தது. தேடிப் பார்த்தபோது, ஓரிடத்தில் மனதில் வைத்த 6ஐக் கூட்ட மறந்திருந்தேன்.