கையெழுத்துப் போட்டவர் கட்டிவிட்டார், திருப்பித் தர வேண்டியது யார்?

கேள்வி: என் சித்தப்பா திருமணம் ஆகாதவர். உயில் எழுதாமலே இறந்துவிட்டார். இறுதிச் சடங்கு ஏற்பாடு முழுவதும் நான்தான் செய்தேன், பணமும் நான்தான் கட்டினேன். அத்தைகளிடம் பங்கு கேட்டால், "உன்னை யார் செய்யச் சொன்னது?" என்கிறார்கள். சட்டப்படி யார் பொறுப்பு?

பதில்: அத்தைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது சித்தப்பா விட்டுப்போன சொத்திலிருந்துதான்.

ஏற்பாடு செய்த நிறுவனத்தைப் பொறுத்தவரை, படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் கடன்பட்டவர். அந்த ஒப்பந்தத்தில் அத்தைகளுக்கு இடமே இல்லை. ஆனால் அந்தச் செலவைக் கடைசியில் சுமக்க வேண்டியது இறந்தவரின் சொத்து. உயில் இல்லை என்பதால் இது மாறாது. சொத்து யாருக்குப் போகும் என்பதுதான் மாறும்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 320-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: இறந்தவரின் நிலைக்கு ஏற்ற, நியாயமான இறுதிச் சடங்குச் செலவை மற்றக் கடன்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். மரணப் படுக்கையில் ஆன மருத்துவச் செலவும் இதோடு சேரும். இங்கிலாந்திலும் இறுதிச் சடங்குச் செலவு சாதாரணக் கடன்களுக்கு முன்னால் நிற்கும். சொத்தை அடமானமாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர் மட்டும் அதற்கும் முன்னால். ஜெர்மனியில் குடிமைச் சட்டத்தின் 1968-ஆம் பிரிவு, செலவை வாரிசே ஏற்க வேண்டும் என்கிறது.

சிக்கலே அந்த 'நியாயமான' என்ற சொல்லில்தான். தகனம் அல்லது அடக்கம், வாகனம், சடங்கு நடத்தியவருக்கான கட்டணம் இவற்றை யாரும் பெரிதாக மறுக்கமாட்டார்கள். உறவினர்களின் பயணச் செலவு, பெரிய விருந்து, விலையுயர்ந்த நினைவுக்கல் என்றால் வாரிசுகள் கேள்வி கேட்பார்கள். கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் எல்லா ரசீதுகளும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மொத்தமாக ஒரு தொகை எழுதிய சீட்டைவிட, இனவாரியாகப் பிரித்த பில் நூறு மடங்கு மேல்.

சரி, அவருடைய ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமா? கூடவே கூடாது. ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தாலும், அந்த அனுமதி அவர் இறந்ததோடு முடிந்தது. நியாயமாக உங்களுக்கு வர வேண்டிய பணமே திருட்டுப் புகாராகத் திரும்பிவிடும். வங்கிக்கு இறப்புச் சான்றிதழையும் பில்லையும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். இறுதிச் செலவுக்கு மட்டும் கணக்கிலிருந்து முன்கூட்டியே தரும் வழக்கம் பல வங்கிகளில் இருக்கிறது. இல்லையென்றால், சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் யாரை நியமிக்கிறதோ அவரிடம் எழுத்தில் கோரிக்கை வையுங்கள்.

சித்தப்பாவிடம் சொத்தே இல்லை என்றால் நிலைமை வேறு. உறவுமுறை காரணமாக மட்டும் அத்தைகளைக் கட்டச் சொல்லச் சட்டம் பெரும்பாலும் உதவாது. பாதி தருவதாக அவர்கள் முன்பே எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ ஒப்புக்கொண்டிருந்தால் பேச இடம் உண்டு. அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்து இருந்தால், பாகம் பிரிப்பதற்கு முன்பே கோரிக்கையைக் கொடுத்துவிடுங்கள். பிரித்த பிறகு என்றால் ஒவ்வொரு வாரிசிடமும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியிருக்கும்.