ஆச்சி சிரிச்சது சரிதான்

கேள்வி: ஐயா, 1720 வாக்குல தொண்டி கடற்கரையில நடக்குற மாதிரி ஒரு சரித்திரக் காதல் கதை எழுதுறேன். செட்டியார் வீட்டுப் பையன், மீனவர் வீட்டுப் பொண்ணு. அவ வந்தாலே மல்லிகை வாசம் வீசும்னு எழுதியிருக்கேன். எங்க வீட்டு ஆச்சி படிச்சுட்டுச் சிரிக்கிறாக. மாத்தணுமா? தொடராப் போடுவீகளா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: வாசம்னு சொல்லிட்டீங்கள்ல, இனி தொடரைப் பத்தி எங்க பேசுறது. இந்தப் பக்கத்துல எத்தனையோ தடவை கத்தியாச்சு, சரித்திரக் கதை எழுதுற அம்புட்டுப் பேரும் கடற்கரைப் பொண்ணை முதல் அத்தியாயத்துலயே குளிப்பாட்டி பவுடர் அடிச்சு பூ வச்சுவிட்டுட்டுதான் கதாநாயகனையே உள்ள விடுறாங்க.

நற்றிணையில 45ஆம் பாட்டு உங்க கதையேதான் சார். பெரிய ஊர்லேர்ந்து தேர்ல வர்ற பணக்கார வீட்டுப் பையன், மீன் பிடிக்கிற பரதவர் மக. தோழி என்ன சொல்றா? நாங்க சுறாவை அறுத்துக் காயப்போட்டு பறவை ஓட்டிக்கிட்டு இருக்குற ஆளுக, 'புலவு நாறுதும் செல நின்றீமோ', கவிச்சி அடிக்கும், தள்ளி நில்லுங்கங்கிறா. அதோட விட்டாளா, உங்களை மாதிரி பெரிய மனுசன் எங்க ஆளுகள்லயும் இருக்காகன்னு ஒரு போடு போட்டுதான் அனுப்புறா. தேர்ல வந்தவனுக்கே இந்த மரியாதை, உங்காளு மாட்டு வண்டியில வர்றான், யோசிச்சுக்கங்க.

நாத்தம்ங்கிற சொல்லே ஒரு காலத்துல நல்ல வாசனைக்கும் இருந்ததுதான், ஆண்டாள் 'நாற்றத் துழாய்முடி நாராயணன்'னு பாடினப்ப யாரும் மூக்கைப் பொத்தல. அந்தச் சொல்லைக் கெடுத்தது மீனா, நாமளா?

ஒருதடவை தொண்டியில நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ வாங்கினேன், கடைக்காரம்மா மடிச்சுக் குடுத்த பேப்பரைப் பாத்தா நம்ம பத்திரிகை, அதுவும் அப்ப ஓடிக்கிட்டு இருந்த சரித்திரத் தொடர், இளவரசி மீனவப் பொண்ணா வேஷம் போட்டு மகிழம்பூ மணக்க நடந்து வர்ற இடம். பஸ்ல திருவாடானை வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டு காலி, தேவகோட்டையில முன் சீட்டும் காலி, காரைக்குடி வரைக்கும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வந்தேன். அந்தத் தொடருக்கு நெய்தல் மணம் வந்தது அன்னைக்கு ஒருநாள்தான். எழுதினவர்கிட்ட இதைச் சொன்னேன், மனுசன் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புறதில்ல.

அப்புறம் தொண்டின்னதும் சங்கப் பாட்டைத் தூக்கி உள்ள போட்டுடாதீங்க, ஐங்குறுநூத்துல தொண்டிப்பத்துன்னு வர்றது சேரன் தொண்டி, அது மேற்குக் கரை. இதைச் சொன்னா ஊர்ப்பற்று இல்லாதவன்னு எனக்கு லெட்டர் வருது, வரட்டும்.

கரைன்னதும் ஞாபகம் வருது, பனைமரம் ஒசரத்துக்கு அலை அடிக்க அதுல பையன் நீந்திப் போயி அவளைக் காப்பாத்துற சீன் வச்சிருந்தா இப்பவே கிழிச்சிருங்க. நம்ம பக்கம் பாக் நீரிணை, ஆழம் கம்மி, வாடைக் காலத்தை விட்டா பல நாள் நம்ம ஊருணி மாதிரிதான் கிடக்கும். அவரு நீந்தப்போயி முழங்கால் தண்ணியில எந்திரிச்சு நிப்பாரு. அப்படியே கடல் கொந்தளிச்சாலும் காப்பாத்துறது அந்தப் பொண்ணாத்தான் இருக்கும், வட்டிக் கணக்கு எழுதுற பையனுக்கு நீச்சல் யாரு சொல்லிக் குடுத்தா?

பையன் வீட்டுத் தரையில ஆத்தங்குடிக் கல்லு பதிச்சிருந்தா அதையும் பேத்து எடுத்துடுங்க. அது சிமெண்ட்டுல செய்யறது, போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினதே 1824லதான்.

தொடராப் போடுறதா? மல்லிகையை எடுத்துட்டு திரும்ப எழுதி ஆச்சிகிட்டயே குடுங்க. அவுக சிரிக்காம பத்துப் பக்கம் தாண்டினா எனக்கு அனுப்புங்க.