ஹைபரி மர்மமும் 18 ஓட்டும்

கேள்வி: 1939-ல் வந்த 'தி ஆர்சனல் ஸ்டேடியம் மிஸ்டரி' படத்தில் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரர் விஷத்தால் சுருண்டு விழுந்து சாகிறார். அந்த மர்மத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அக்கால நிஜ கால்பந்து கிளப்களைப் படம் சரியாகக் காட்டுகிறதா?

பதில்: மர்மத்தை எதற்கு ஒதுக்க வேண்டும்? லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் பூர்வீகச் சொத்தே அதுதானே! படத்தில் இருப்பது சில்லறை மர்மம். லெஸ்லி பாங்க்ஸ் நடித்த இன்ஸ்பெக்டர் ஸ்லேட் வேளைக்கொரு தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். 1919-ல் நடந்த பெரிய மர்மத்துக்கு எந்தத் தொப்பியும் போதவில்லை.

முதல் உலகப் போர் முடிந்து இங்கிலாந்தின் கால்பந்து லீக் மறுபடி தொடங்கியபோது, அதன் மேல்மட்டமான முதல் டிவிஷனை 20 அணிகளிலிருந்து 22 ஆக்கினார்கள். போருக்காக நிறுத்துமுன் நடந்த சீசனில் டாட்டன்ஹாம் கடைசி, செல்ஸி அதற்கு ஒரு படி மேலே. கீழ் டிவிஷனில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். செல்ஸியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒரே ஒரு நாற்காலி. உடனே ஓட்டெடுப்பு.

டாட்டன்ஹாமுக்கு 8. கீழ் டிவிஷனில் மூன்றாவதாக வந்த பார்ன்ஸ்லிக்கு 5. அந்த மூன்றாம் இடத்தைக்கூடப் பிடிக்காத ஆர்சனலுக்கு 18! லீக் தலைவர் ஜான் மெக்கென்னாவே எழுந்து ஆர்சனலுக்காகப் பேசினார். ரொம்ப நாள் உறுப்பினராம், ரொம்ப சேவையாம். சேவையைத்தான் பார்ப்பதென்றால், 1888-ல் லீக் பிறந்தபோதே உள்ளே இருந்த வுல்வ்ஸும் போட்டியில் நின்றதே! அவர்களுக்கு விழுந்தது 4.

அப்போது ஆர்சனல் சேர்மன் ஹென்றி நாரிஸ். லஞ்சம் கொடுத்தார் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. தன் டிரைவர் சம்பளத்தை கிளப் பணத்தில் கொடுத்தார் என்று பின்னாளில் அவரைக் கால்பந்திலிருந்தே தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். கமிட்டி என்றாலே எனக்கு ஏன் ஒவ்வாமை என்று கேட்டுக் கடிதம் போடும் அன்பர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஆர்சனல் ரசிகர்கள் வழக்கம்போலத் திட்டி எழுதுவார்கள். எழுதட்டும், தபால் துறை பிழைக்கும்.

சரி, படம். ஆர்சனலை எதிர்த்து ஆடுவது 'ட்ரோஜன்ஸ்' என்ற கற்பனை அமெச்சூர் அணி. காசுக்காக ஆடாத கனவான்கள். அந்தக் கனவான்களாகத் திரையில் ஓடுவது யார்? முதல் டிவிஷனில் சம்பளத்துக்கு ஆடிய பிரென்ட்ஃபோர்டு வீரர்கள்! 1939 மே 6-ம் தேதி ஆர்சனலின் அன்றைய மைதானமான ஹைபரியில் நடந்த ஆர்சனல்-பிரென்ட்ஃபோர்டு லீக் ஆட்டத்தையே படம்பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டமும் உதையும் அசலாகத் தெரிவது அதனால்தான்.

ஆர்சனல் வீரர்களும் நிஜ ஆட்கள்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், வசனமும் அதிகம் இல்லை. அனாயாசமாகப் பேசுபவர் மேனேஜர் ஜார்ஜ் அலிசன், அவராகவே வருகிறார். அவர் பெரிய ஆட்டக்காரரே அல்ல, பத்திரிகையாளர். வானொலியில் வர்ணனை சொல்லிப் பழுத்த வாய். ஆடாதவர் பேசுகிறார், ஆடுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. இதைவிடச் சரியாக ஒரு கிளப்பைக் காட்ட முடியாது.

முந்தைய ஆண்டுதான் வுல்வ்ஸிடமிருந்து பிரின் ஜோன்ஸை 14,000 பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு அது உலக சாதனை விலை. பணம் போனது வுல்வ்ஸுக்கு. ஜோன்ஸ் வாங்கக்கூடிய சம்பளம் சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டு, அதற்கு மேல் கொடுக்க லீக் விதியில் இடமில்லை. வருஷம் முழுக்க ஒரு வாரம் தவறாமல் அதை வாங்கினாலும், தன் விலையைத் தானே சம்பாதிக்க அவருக்கு 33 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த உச்சவரம்பு 1961 வரை உயிரோடு இருந்தது. அதற்கு விஷம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

1919-ல் ஏறிய ஆர்சனல் அதற்கப்புறம் இறங்கவே இல்லை. டாட்டன்ஹாம்கூட அடுத்த வருஷமே மேலே வந்துவிட்டது. பாவம், பார்ன்ஸ்லிதான். அவர்கள் முதல் தடவையாக மேல்மட்ட லீகுக்கு வந்தது 1997-ல், ஒரே சீசனில் திரும்பவும் கீழே. அவர்களை வைத்து யாராவது படம் எடுத்தால் சொல்லுங்கள். முதல் டிக்கெட் என்னுடையது, பாட்டு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.