பால் பாக்கெட்டில் இருக்கும் தேதி
வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்டேட் புலம்பல்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டேன்.

கேள்வி: 2017இல் வாங்கிய லேப்டாப், ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. கடையில் கேட்டால், "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க மேடம், இல்லன்னா 1,500 ரூபா குடுங்க, 11 ஏத்தித் தர்றேன்" என்கிறார். பென்ஷன் விவரம் பார்ப்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: இரண்டுமே வேண்டாம், டீச்சர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. அதனால் லேப்டாப் நின்றுபோகாது. பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட்) வருவதுதான் நிற்கும். அதையும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் 'என்ரோல் நவ்' என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு இல்லை. சம்மதிக்க மனமில்லாதவர்களுக்கு 30 டாலர்.

கடைக்காரர் சொல்வதைப் பார்ப்போம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. உங்களுடையது ஏழு. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி தர முடியாது என மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு?

உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றி எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். வேகம் கூடும். கெடு முடிந்த பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போதும், இலவசம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. உங்கள் மாணவர்கள் யாராவது இதைக் கரைத்துக் குடித்திருப்பார்கள், கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்டேட் 30 சதவீதத்தில் அரை மணி நேரம் அசையவே இல்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இப்போது லோகோவைத் தாண்டவில்லை. நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: போடலாம். தோற்பீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் என் போன் மந்தமாகிறது. புது போன் விற்பதற்காக வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது: பேட்டரி பழசான ஐபோன் 6, 6எஸ், 7 போன்றவற்றின் வேகத்தை அப்டேட் வழியாகக் குறைத்திருந்தார்கள். பழைய பேட்டரி திணறி போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் என்றார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் சொல்லாமல் செய்தார்கள். பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது போன் வாங்கினார்களோ. விஷயம் வெளியே வந்ததும் இந்தியாவில் பேட்டரி மாற்றும் விலையை 6,500 ரூபாயிலிருந்து 2,000க்கு இறக்கினார்கள். 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2020இல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ.

உங்கள் போனுக்கு வருவோம். பெரிய அப்டேட் முடிந்து இரண்டு மூன்று நாள் போன் பின்னணியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். சூடாகும், சார்ஜ் இறங்கும். பொறுங்கள். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் இரண்டைப் பாருங்கள்: மெமரி நிரம்பி வழிகிறதா, பேட்டரிக்கு மூன்று வயதாகிவிட்டதா. குடும்ப வாட்ஸ்அப் குழுவின் குட்மார்னிங் படங்களை அழித்ததில் மட்டும் என் போனில் 9 ஜிபி மிச்சமானது.

கேள்வி: போன தீபாவளி ஆஃபரில் 11,000 ரூபாய்க்கு போன் வாங்கினேன். "மூணு வருஷம் அப்டேட் வரும்" என்று கடையில் சொன்னார்கள். எட்டு மாதத்தில் நின்றுவிட்டது. கேட்டால், மூன்று வருடம் முடிந்துவிட்டதாம்! எனக்குக் கணக்கு தெரியாதா? (வாசகர், ஆரணி)

பதில்: உங்கள் கணக்கு சரி. அவர்கள் எண்ண ஆரம்பித்த நாள்தான் வேறு. மூன்று வருடம், ஐந்து வருடம், ஏழு வருடம் என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் பொதுவாக அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. பில் போட்ட நாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு வருடமாகக் குடோனில் கிடந்த போனை ஆஃபரில் தள்ளிவிட்டால், வாங்குபவருக்கு மிஞ்சுவது வால்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு வாய் ஓயாது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. பத்து ரூபாய் பிஸ்கட்டில் இருக்கிறது. போன் பெட்டியிலும் தயாரித்த மாதம் இருக்கிறது, எம்ஆர்பி இருக்கிறது, இறக்குமதி செய்தவர் முகவரிகூட இருக்கிறது. இந்தப் போனுக்குக் கடைசி பாதுகாப்புப் பேட்ச் எந்த மாதம் வரும் என்ற ஒரே ஒரு வரி மட்டும் இல்லை. அது தெரியாத ரகசியமா? மாடலை வெளியிடும் அன்றே அவர்களுக்குத் தெரியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும். எண்ணும் நாளையே மாற்றிவிட்டார்கள் பாருங்கள், அதுதான் நியாயம். அதே கம்பெனிகள்தான் நம் ஊரிலும் விற்கின்றன.

எனக்கும் சூடு பட்டிருக்கிறது. 2019இல் ஒரு பெரிய கடையின் கிளியரன்ஸ் சேலில் பாதி விலைக்கு டேப்லெட் வாங்கினேன். பாதி விலை என்றதும் மூளையில் பாதி போய்விட்டது. வந்தது ஒரே ஒரு அப்டேட். கொஞ்ச நாளில் வங்கிச் செயலி "உங்கள் ஆண்ட்ராய்டு பழையது" என்று கதவைச் சாத்தியது. இப்போது அதன்மேல் வீட்டில் காபி டவராவை வைக்கிறார்கள். சமதளமாக இருக்கிறதாம்.

இனி வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மாடல் எந்த மாதம் வெளியானது? எத்தனை வருடம் பாதுகாப்புப் பேட்ச்? எத்தனை ஆண்ட்ராய்டு பதிப்பு? பேட்சும் பதிப்பும் வேறு வேறு, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவார்கள். பதிலை நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள், கடைத் தம்பியிடம் அல்ல. கூகுள் பிக்சல் 8இலிருந்தும் சாம்சங் கேலக்ஸி எஸ்24இலிருந்தும் ஏழு வருடம் என்கிறார்கள். விலை மலிவான மாடல்களில் இது சட்டென்று சுருங்கும். உங்களிடம் "மூணு வருஷம்" என்று கடைக்காரர் எழுதிக்கொடுத்த எதுவும் இருக்கிறதா, ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது? இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதியுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் கஷ்டம்.

கேள்வி: "இன்று இரவோடு உங்கள் வங்கிச் செயலி நின்றுவிடும், உடனே அப்டேட் செய்யவும்" என்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. தொட்டார், இன்ஸ்டால் ஆனது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். 62,000 போய்விட்டது. அவர் பேச்சை நம்புவதா? (மகள், விருதுநகர்)

பதில்: நம்புங்கள். வந்தது ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை ஏற்றும் ஃபைல். உள்ளே போனதும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி வாங்கிக்கொள்ளும். ஓடிபியைத் தானே படித்து அனுப்பிவிடும். அவர் வாயே திறந்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் சொல்லவில்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். அப்புறம் வங்கிக்கு எழுத்தில் புகார், புகார் எண்ணோடு. ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் மூன்றாம் ஆளால் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருடையது அல்ல. "நீங்கள்தான் இன்ஸ்டால் செய்தீர்கள், உங்கள் கவனக்குறைவு" என்று வங்கி வாதிடும். வாதிடட்டும். கவனக்குறைவே என்றாலும் புகார் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அந்த போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். செய்தியையும் ஃபைலின் பெயரையும் இன்னொரு போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் ஃபேக்டரி ரீசெட்.

அப்பாவைத் திட்டாதீர்கள். பதினைந்து வருடமாக "அப்டேட் பண்ணுங்க, அப்டேட் பண்ணுங்க" என்று அவர் காதில் ஓதியது நாம்தான்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கினேன். கணினி 2 டிபி என்றே காட்டுகிறது. ஆனால் கல்யாண வீடியோக்களில் முதல் சில மட்டும் ஓடுகின்றன, மற்றவை திறக்கவில்லை. எந்த அப்டேட் போட்டால் சரியாகும்? (வாசகர், திருப்பூர்)

பதில்: 499 ரூபாய்க்கு 2 டிபி. வாங்கும்போது ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லையா? உள்ளே இருப்பது சின்னச் சிப். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிரம்பியதும் மேலே வருவதெல்லாம் காற்றில் போகும். அசல் வீடியோ வேறெங்காவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

கேள்வி: அப்டேட் போட்ட மறுநாள் போன் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு. வாரண்டி முடிந்து நான்கு மாதம். டிஸ்ப்ளேவுக்கு 14,000 கேட்கிறார்கள். ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை. (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: எரிச்சலாகத்தான் இருக்கும், நியாயமும் உங்கள் பக்கம்தான் தெரிகிறது. கோடு விழுந்தது திரையில், மென்பொருளில் அல்ல. பழைய மென்பொருளுக்குத் திரும்பினால் போய்விடும் என்று யூட்யூபில் சொல்வதை நம்பிக் கை வைக்காதீர்கள். நேராக அந்த பிராண்டின் சொந்த சர்வீஸ் சென்டருக்குப் போய், "வெளிக்காயம் இல்லை" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் ஆயுதம். இந்தப் பழுதுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றியதற்கு முன்னுதாரணம் இருக்கிறது: ஒன்பிளஸ் இந்தியாவில் முதலில் சில மாடல்களுக்கும், 2024இல் எல்லா மாடல்களுக்கும் பச்சைக் கோட்டுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அறிவித்தது. உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் 1915. அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை வந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டாஸ் போடும் நேரத்தில் டிவியை ஆன் செய்தால் அப்டேட் ஆரம்பித்துவிடுகிறது. முதல் இரண்டு ஓவர் போச்சு. என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டு, மேட்ச் இல்லாத நாளில் நீங்களே போடுங்கள். எங்கள் வீட்டு டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டை நான் இன்னும் சொல்லவே இல்லை. கேபிள்தான். டாஸிலிருந்தே பார்க்கிறோம்.