வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் எந்தெந்த போர்ட்களைப் பயன்படுத்துகின்றன? அவற்றைத் திறந்து வைப்பது ஆபத்தா?

போர்ட் என்பது இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாசல். சாதாரணப் பயனர் ரூட்டரில் எந்த போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. உங்கள் போன்தான் வெளியே போய் சர்வரின் 443, 5222 போன்ற போர்ட்களில் இணைகிறது. அந்த இணைப்பை ரூட்டர் நினைவில் வைத்துக்கொண்டு அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடும். "வாட்ஸ்அப் வேலை செய்ய 5222ஐ ஃபார்வர்ட் செய்யுங்கள்" (வெளியிலிருந்து வருவதை ரூட்டர் உங்கள் போனுக்குத் திருப்பிவிடச் செய்யுங்கள்) என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பயன் ஒன்றுமில்லை.

போர்ட் எண்ணை வைத்துப் பாதுகாப்பை எடைபோடவும் முடியாது. டெலிகிராம் 80இலும் இணையும், ஆனால் உள்ளே போவது குறியாக்கம் செய்த தரவுதான்.

அலுவலக ஃபயர்வாலைக் கவனிப்பவருக்கு வரும் புகார்கள் வேறு. செயலியைத் திறந்தால்தான் செய்தி வருகிறது என்றால் நோட்டிஃபிகேஷன் போர்ட்களைப் பாருங்கள்: ஆண்ட்ராய்டுக்கு டிசிபி 5228 முதல் 5230 வரை, ஐபோனுக்கு 5223 (அது அடைபட்டால் 443). சாட் ஓடுகிறது, கால் மட்டும் "கனெக்டிங்" என்று நிற்கிறது என்றால் பெரும்பாலும் யூடிபி (குரல், வீடியோவைத் தாமதமின்றி அனுப்பும் முறை) அடைபட்டிருக்கும். ஸ்டன் (போனின் வெளி முகவரியைக் கண்டறிய உதவுவது), டர்ன் (நேரடி இணைப்பு அமையாதபோது காலை இடையிலிருந்து கடத்துவது) இரண்டுக்கும் வழக்கமான போர்ட் 3478.

கால்களில் தனியுரிமைச் சிக்கல் ஒன்று உண்டு. இரு போன்களும் நேரடியாக இணையும்போது எதிர்முனைக்கு உங்கள் ஐபி முகவரி தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் கால்களின்போது ஐபி முகவரியை மறைக்கும் அமைப்பும், சிக்னலில் கால்களை எப்போதும் ரிலே (இடைச் சர்வர்) வழியாக அனுப்பும் அமைப்பும் தனியுரிமைப் பகுதியின் மேம்பட்ட அமைப்புகளில் இருக்கின்றன. குரலின் தரம் கொஞ்சம் குறையலாம். அறிமுகமில்லாதவர்களோடு பேசுபவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

2019இல் வெளிவந்த வாட்ஸ்அப் ஓட்டையை போர்ட்டை மூடித் தடுத்திருக்க முடியாது. கால் வழியாக வந்த திட்டமிட்ட பாக்கெட்டுகள் போனின் நினைவகத்தில் எல்லை மீறி எழுதின. அழைப்பை எடுக்கவே வேண்டியதில்லை. அதற்கு மருந்து அப்டேட் மட்டும்தான்.

நீங்களே சர்வர் நடத்துகிறீர்கள் என்றால் கதை மாறுகிறது. எக்ஸ்எம்பிபியில் (சாட்டுக்கான ஒரு திறந்த நெறிமுறை) 5222 பயனர்களுக்கு, 5269 மற்ற சர்வர்களுக்கு. 5222இல் இணைப்பு முதலில் குறியாக்கம் இல்லாமல் தொடங்கி, பிறகுதான் டிஎல்எஸ் என்ற குறியாக்கத்துக்கு மாறும். நடுவில் இருப்பவர் அந்த டிஎல்எஸ் அறிவிப்பை நீக்கிவிட்டால் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகக்கூடும். ஆகவே சர்வரில் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்குங்கள். "முடிந்தால்" என்று விடாதீர்கள். ஈஜாபர்ட் (எர்லாங் மொழியில் எழுதிய எக்ஸ்எம்பிபி சர்வர்) நடத்துபவர்கள் 4369ஐ இணையத்துக்குக் காட்டவே கூடாது. அது எர்லாங்கின் உள்வேலைக்கான போர்ட். அதன் வழியே எர்லாங் நோடின் (ஓடிக்கொண்டிருக்கும் எர்லாங் நிரலின்) இருப்பிடம் தெரிந்து, அதன் ரகசியச் சொல்லான குக்கியும் சிக்கினால் சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம்.

அதிகம் கோட்டைவிடப்படுவது டர்ன் சர்வர். 3478ஐ மட்டும் திறந்துவிட்டு, ரிலேவுக்கான 49152 முதல் 65535 வரையுள்ள யூடிபி போர்ட்களை மறந்தால் மணி அடிக்கும், குரல் வராது. அதைவிட மோசம், ரிலே எந்த முகவரிக்கும் போகலாம் என்று விடுவது. கணக்குள்ள ஒருவர் உங்கள் டர்ன் வழியாக உள் நெட்வொர்க்கையே தொடலாம். உள் முகவரி வரம்புகளான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, 127.0.0.0/8, 169.254.0.0/16 ஆகியவற்றையும், அவற்றுக்கு இணையான ஐபிவி6 வரம்புகளையும் கான்ஃபிகில் தடைசெய்யுங்கள். கிளவுடில் இருந்தால் 169.254 மிக முக்கியம். மெட்டாடேட்டா சேவை (சர்வரின் அணுகல் சாவிகள் கூடக் கிடைக்கக்கூடிய உள் சேவை) அங்கேதான் இருக்கிறது.

டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கு: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யூஎஃப்டபிள்யூ (லினக்ஸ் ஃபயர்வால் கருவி) விதிகளுக்குக் கட்டுப்படாமல் திறந்துகொள்ளும். மேட்ரிக்ஸ் சினாப்ஸின் (இன்னொரு சாட் சர்வர்) 8008 போன்றவற்றை 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும், இணைப்பை ஏற்கும்படி வையுங்கள்.

சோதிக்கும்போது வேறு நெட்வொர்க்கிலிருந்து, உதாரணமாக மொபைல் டேட்டாவிலிருந்து, என்மேப் (திறந்த போர்ட்களைத் தேடும் கருவி) ஓட்டுங்கள். உள்ளிருந்து பார்த்தால் ஃபயர்வால் குறுக்கே வராததால் முடிவு தவறாக இருக்கும். யூடிபி ஸ்கேன் மெதுவாகத்தான் நகரும், பல போர்ட்களை "திறந்தது அல்லது வடிகட்டப்பட்டது" என்று காட்டும். பதில் வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள், பதற வேண்டாம்.