கரு கலைந்ததற்கு என் பாவம்தான் காரணமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 26 வயது. காசிமேட்டில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணியோ, என் புள்ள அனுபவிக்கிறான்" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா ஜெபத்துக்குக் கூட்டிப் போனார். அங்கேயும், நான் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்றார்கள். என்மேல்தான் தப்பா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்: உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை சகோதரி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, மருத்துவம் இதைத்தான் சொல்கிறது.

கர்ப்பம் உறுதியான பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்குக் கரு கலைகிறது. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், மரபுக்கூறுகளைச் சுமக்கும் குரோமோசோம்களில் வரும் கோளாறு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதோ, கரு வளரத் தொடங்கும்போதோ பெரும்பாலும் தற்செயலாக நேர்வது அது. லாரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதாலோ, ஷேர் ஆட்டோ குலுங்கியதாலோ, வீட்டில் சண்டை வந்து அழுததாலோ அது வருவதில்லை. தீட்டு நாளில் கோயில் வாசலைத் தாண்டியதாலும் வருவதில்லை.

பிறகு ஏன் ஆளாளுக்குப் பாவம் என்கிறார்கள்? மாமியார் சொல்வது கர்மா, ஜெபக்கூட்டத்தில் சொன்னது பாவ அறிக்கை. இரண்டு மதம், ஆனால் கணக்கு ஒன்றுதான்: கடவுள் நியாயமானவர், நல்லவர்களுக்குக் கெட்டது நடக்காது, எனவே கெட்டது நடந்தவள் ஏதோ செய்திருக்க வேண்டும். இந்த நம்பிக்கை சொல்பவருக்குத் தெம்பு தருகிறது, "நான் ஒழுங்காக இருந்தால் எனக்கு இது வராது" என்று. அந்தத் தெம்புக்கான விலையைக் கொடுப்பது நீங்கள்.

மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966-இல் கரோலின் சிம்மன்ஸுடன் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி தருவதுபோல் நடித்துக் காட்டி, மற்ற பெண்களைப் பார்க்க வைத்தார்கள். அவளுடைய வேதனையை நிறுத்த வழி இருந்தபோது, பார்த்தவர்கள் அவளைக் குறைவாகப் பேசவில்லை. எதுவும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டி வந்தபோதுதான், அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமாகவே நடக்கிறது என்ற எண்ணம் மதப்பற்று மிகுந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதாக அமெரிக்காவில் ரூபினும் பெப்லோவும் 1975-இல் எழுதினார்கள்.

படிக்காதவர்களின் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1934 ஜனவரியில் பீகாரில் நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார் காந்தி. தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோதுதான் அப்படிப் பேசினார். தாகூர் உடனே மறுத்து எழுதினார். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இடிபாட்டில் செத்த குழந்தை என்ன பாவம் செய்தது?

உங்கள் சாமியை விடச் சொல்லவில்லை. கும்பிடுங்கள், ஜெபத்துக்கும் போங்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு முறை கலைந்தாலே பரிசோதனை அவசியம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் வடிவத்தைப் பார்க்கும் ஸ்கேன், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் பரிசோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால், அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். நீங்களாகக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தத்தில் கல்யாணமா என்பதையும் சொல்லுங்கள். குரோமோசோம் பரிசோதனை தேவைப்பட்டால் கணவருக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். அவர் புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும். எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாமல் போவதும் உண்டு. பயப்படாதீர்கள், அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் உடனே கூப்பிடுங்கள்.

மருத்துவமனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். செய்ய ஒரு வேலை கிடைத்தால் பழி சொல்லும் வாய் பெரும்பாலும் அடங்கும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் அவர் கையில் இருக்கட்டும். "இது என் மருமக பண்ண எதனாலயாவது வந்துச்சா?" என்று அங்கே இருக்கும் டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.